பதினாறாவது இடத்தில் ஒன்று

பள்ளியில் நான் கணக்கில் சுமார்தான். சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். கணினிக்கு நிரல் எழுதுகிறவள் என்றால் வாய்ப்பாடு முழுக்க நாக்கு நுனியில் இருக்கும் என்று நினைப்பு. ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டால் இன்றும் ஒரு கணம் முழிப்பேன். என்னிடம் இருப்பது பொறுமை. மற்றவர்கள் சலித்துப்போய் விட்டுவிட்டுப் போனதை எடுத்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பிரித்துப் பார்ப்பேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஐயா, தேநீர் வரவழைத்தீர்கள், நன்றி. இடையில் புகாமல் கேட்கிறீர்கள், அதற்கும் நன்றி. நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கில்லை.

எங்கள் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில். மொத்தம் பதினொரு பேர். இருபத்தாறு மருத்துவமனைகளுக்குச் சேர்த்து, மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் பட்டியலை நடத்துவது எங்கள் வேலை. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் வீட்டார் தானத்துக்குச் சம்மதித்தால் இரண்டு சிறுநீரகங்கள் கிடைக்கும். ஒன்று அந்த மருத்துவமனைக்கே போகும். மற்றது பொதுப் பட்டியலுக்கு வரும். அதே ரத்த வகையில் காத்திருப்பவர்களில் யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவர் வீட்டுத் தொலைபேசி அடிக்கும்.

மதிப்பெண் மூன்று பங்காக வரும். வயது குறைவாக இருந்தால் கொஞ்சம் கூடுதல். காத்திருந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பத்தில் ஒன்று. உடல்நிலை மோசமாக ஆக அதற்கும் கூடும். மூன்றையும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். இருவருக்குச் சமமாக வந்துவிட்டால், யார் முதலில் பதிவு செய்தாரோ அவருக்கு. மருத்துவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு வகுத்த விதி இது. நல்ல விதி. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சமமாக வந்துவிட்டால் என்கிற இடத்தில்தான் சங்கடம். ஒன்றை மூன்றால் வகுத்துப் பாருங்கள். புள்ளி மூன்று மூன்று மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும், எங்கோ ஓரிடத்தில் நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். பத்தில் ஒன்று நமக்குச் சுத்தமான எண். கணினிக்கு அதுவும் அப்படி முடியாமல் இழுத்துக்கொண்டே போகிற எண்தான். ஆகவே அதுவும் வெட்டி வைத்துக்கொள்கிறது. வெட்டிய இடத்தில் ஒரு துளி ஏறும் அல்லது இறங்கும். கூட்டும்போது அந்தத் துளிகளும் கூடவே வரும். ஒரு வரிசையில் கூட்டினால் காணாமல் போகும், இன்னொரு வரிசையில் கூட்டினால் மிஞ்சி நிற்கும்.

புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு, புள்ளி மூன்று. இந்த வரிசையில் கூட்டினால் கணினிக்குப் புள்ளி ஆறு வராது. ஆறுக்குப் பின்னால் பதினான்கு சுழியங்கள் போய், பதினாறாவது இடத்தில் ஒரு ஒன்று தொங்கும். அதே மூன்று எண்களை மூன்று, இரண்டு, ஒன்று என்று திருப்பிக் கூட்டினால் சுத்தமாகப் புள்ளி ஆறு. நம்பிக்கை இல்லையென்றால் உங்கள் அலுவலகக் கணினியிலேயே யாரையாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதனால் புள்ளி வைத்த இரண்டு எண்களை நிறுத்திவைத்து, இரண்டும் சமமா என்று கேட்கக் கூடாது. இவற்றுக்கு இடையில் உள்ள வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதா என்றுதான் கேட்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஆனால் எங்கள் பட்டியலின் நிரலில் மதிப்பெண்களை ஒப்பிடும் வரியை எழுதியவர் எனக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் நேராகச் சமமா என்றே கேட்டிருந்தார். ஆறு ஆண்டுகளாக அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு நாள் என் கண்ணில் பட்டது.

பட்ட அன்றே சரிசெய்து எழுதிவிட்டேன். பதினொரு வரி. சோதித்தும் பார்த்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து உள்ளே அனுப்பியிருக்கலாம். அனுப்புமுன், இந்தப் பிழை உண்மையான பட்டியலில் யாரையாவது தொடுகிறதா என்று ஓட்டிப் பார்த்தேன். அதுதான் முறை. மூவாயிரத்துச் சொச்சம் பெயர்களில் ஒரே ஒரு ஜோடி மாட்டியது. ஒருவன் என் தம்பி.

என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அப்பா அதற்கும் முன்பே போய்விட்டார். தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, எழுதப் பழக்கியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான். பெரியவனாகி நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன் ஆனான். நகரத்துக் குளத்தில் அவன் விசில் சத்தம் கேட்டால் தண்ணீரில் இருக்கிற அத்தனை வாண்டுகளும் கப்சிப் ஆகிவிடும். இருபத்தேழு வயதில் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. என்னுடையது ஆகாது என்று ஆனபிறகு, பொதுப் பட்டியலில் அவன் பெயர் ஏறியது.

வாரத்தில் மூன்று நாள், நாளைக்கு நான்கு மணி நேரம், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு அவனைக் கட்டிப்போடுவார்கள். அந்த அறையில் எட்டு நாற்காலிகள். உள்ளே போகும்போது எடை பார்ப்பார்கள், வெளியே வரும்போது எடை பார்ப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவன் குடித்த தண்ணீர். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது. பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தவனுக்கு அரை லிட்டர். அவன் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பான்.

அடுத்த நாற்காலியில் இருந்தவர் பட்டன் அக்கா. தையல்காரர், நாற்பத்தேழு வயது. அந்தப் பெயரை வைத்தது என் தம்பிதான். ஊசி குத்துவதற்கு ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றி மாட்டுவது பெரும்பாடு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கை முழுக்கத் திறந்து மூடுகிற மாதிரி, அழுத்தும் பட்டன் வைத்து எட்டு நாற்காலிக்காரர்களுக்கும் அவர் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். அவருக்கே அந்தச் சட்டை பயன்படவில்லை. இரண்டு கையிலும் ரத்தக்குழாய் அடைத்துப்போய்க் கழுத்தில் குழாய் வைத்திருந்தார்கள். கழுத்திலும் ஒரு பக்கம் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு பக்கம்.

கூலி எவ்வளவு என்று தம்பி கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "கூலியெல்லாம் வேணாம். எனக்கு முதல்ல போன் வந்தா, எனக்கு ஒரு சொம்பு நிறையத் தண்ணி வாங்கிக் குடு. ஒரே மூச்சுல குடிக்கணும்."

"எனக்கு முதல்ல வந்தா?"

"உனக்கு முதல்ல வந்தா என் கண்ணு முன்னாடி குடிச்சிறாதே. வயித்தெரிச்சல் சும்மா விடாது." இருவரும் சிரித்தார்கள். மருந்து கொடுக்க வந்த செவிலியும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜோடியில் இன்னொருவர் அவர்தான் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒரே ரத்த வகை. தம்பிக்கு வயதுக்குப் புள்ளி மூன்று, காத்திருப்புக்குப் புள்ளி இரண்டு, உடல்நிலைக்குப் புள்ளி ஒன்று. பட்டன் அக்காவுக்கு வயதுக்குப் புள்ளி ஒன்று, காத்திருப்புக்குப் புள்ளி இரண்டு, உடல்நிலைக்குப் புள்ளி மூன்று. உடல்நிலைக்கு அதற்கு மேல் கொடுக்க விதியில் எண் கிடையாது. யார் கூட்டினாலும் இருவருக்கும் புள்ளி ஆறு. சமம். பதிவு செய்ததில் அவர் ஏழு மாதம் முந்தியவர். ஆக விதிப்படி அவருக்குத்தான் முதலில்.

பழைய நிரல் வயது, காத்திருப்பு, உடல்நிலை என்ற வரிசையில் கூட்டியது. அந்த வரிசையில் பதினாறாவது இடத்து ஒன்று பட்டன் அக்காவிடம் இருந்தது. பிழையோடு விட்டாலும் அவருக்கு. நான் எழுதிய பதினொரு வரியை அனுப்பினாலும் அவருக்கு. இரண்டு மாதிரியும் ஓட்டிப் பார்த்தேன். கீழே செருப்புக் கடையில் யாரோ கதவு திறக்கும்போதெல்லாம் மணி அடித்தது. அந்த ரத்த வகையில் பொதுப் பட்டியலுக்கு வந்த கடைசி இரண்டு சிறுநீரகங்களுக்கு நடுவில் ஒன்பது மாத இடைவெளி. ஒன்பது மாதம் என் தம்பி ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒன்பது மாதம் பட்டன் அக்காவுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருப்பதற்கும் பொறுமை வேண்டும்.

பதினொரு வரியை ஓரமாக எடுத்து வைத்தேன். இன்னும் என் கணினியில் இருக்கிறது. அதற்குப் பதிலாக மூன்று வரிகளை இடம் மாற்றினேன். உடல்நிலை, காத்திருப்பு, வயது. அகர வரிசை. மருத்துவமனைகள் நிரப்பி அனுப்பும் படிவமும் அந்த வரிசையில்தான் இருக்கும். மாற்றத்துக்குக் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில், படிவத்தோடு ஒத்துப்போவதற்காக, என்று எழுதினேன்.

எங்கள் இடத்தில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சம்மதிக்காமல் எதுவும் உள்ளே போகாது. அன்றைக்குப் படித்தவரை நாங்கள் சல்லடை என்று கூப்பிடுவோம். ஒரு தூசியைக்கூட விட மாட்டார். சேர்ந்த புதிதில் என்னை அழவைத்திருக்கிறார். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"கூட்டல்தானே. எப்படிப் போட்டா என்ன?"

"எப்படிப் போட்டாலும் ஒண்ணுதான்," என்றேன்.

சம்மதம் என்று தட்டிவிட்டுப் போய்விட்டார். அவரை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம். ஒரு எழுத்தைக்கூட நான் பொய்யாகப் போடவில்லை. யாருடைய எண்ணையும் திருத்தவில்லை. பட்டன் அக்காவுக்குச் சேர வேண்டியது புள்ளி ஆறு, அது அவருக்கு முழுதாகக் கிடைத்தது. அவரிடம் தப்பாகப் போய் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துகளை எடுத்துத் தம்பியிடம் வைத்தேன். அதற்குக் கனம் உண்டா என்று கேட்டால், கிடையாது.

பதினேழாம் நாள் காலை ஒன்பதே காலுக்குத் தம்பிக்குத் தொலைபேசி வந்தது. அவன் குளியலறையில் இருந்தான். நான்தான் எடுத்தேன். அவன் தலை துவட்டாமல் வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். அந்த அழுகையில் ஒரு சொட்டுகூட நடிப்பில்லை. இதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் செவிலி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்து, வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்றார். அவன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டான். பட்டன் அக்கா வந்து பார்க்கட்டும், அப்புறம் குடிக்கிறேன் என்று அடம்பிடித்தான். திட்டித்தான் குடிக்க வைத்தேன்.

அவர் வரவில்லை. கழுத்தில் மிச்சம் இருந்த பக்கமும் அடைத்துக்கொண்டது. தொடை வழியாகப் பார்த்தார்கள், அதில் கிருமி ஏறிவிட்டது. தம்பிக்கு அறுவை நடந்த இருபத்து மூன்றாம் நாள், மத்தியானம் ஒரு மணிக்கு, போய்விட்டார். அதற்குப் பதினெட்டு நாள் கழித்து அதே ரத்த வகையில் பொதுப் பட்டியலுக்கு இன்னொரு சிறுநீரகம் வந்தது. ஒன்பது மாதம் ஆகவில்லை, ஐயா. நாற்பத்தொரு நாள்தான். நான் எதையும் தொடாமல் இருந்திருந்தால் அது என் தம்பிக்கு வந்திருக்கும். பட்டன் அக்கா வீட்டில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருந்திருப்பார். அந்த நாள் பட்டியலைத் திரையில் பார்த்தபோது என் கைவிரல் எல்லாம் சில்லிட்டுவிட்டது. பக்கத்து மேசைக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள். குளிரூட்டியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

தம்பி அழுது நான் பார்த்திருக்கிறேன். பட்டன் அக்காவுக்காக அழுத மாதிரி பார்த்ததில்லை. அவருடைய கணவர் மின்சார வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். துக்கத்துக்குப் போன இடத்தில் அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது நல்லா இருப்பா, என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு இவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு முன்னால் அவர் பெயர்தானே இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு வாரம் மழுப்பினேன். மருந்தைச் சரியாகப் போடாமல் தள்ளிப்போட ஆரம்பித்தபோது, சொல்லிவிடுவதுதான் நல்லது என்று தோன்றியது. தன்னை எவ்வளவு நேசித்தால் ஒருத்தி இதைச் செய்திருப்பாள் என்பது தெரிந்தால், அந்த உயிரை மதித்து நடப்பான் என்று நினைத்தேன். காகிதம் எடுத்து, உங்களுக்குச் சொன்னது போலவே, பத்தில் ஒன்றிலிருந்து ஆரம்பித்து விளக்கினேன். புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பேன்.

அவன் கத்தவில்லை. எந்தத் தேதியில் மாற்றினாய் என்று கேட்டான். சொன்னேன். விரல் விட்டு எண்ணினான். பிறகு வயிற்றின் வலப்பக்கம், தையல் போட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டான்.

"இதைத் திருப்பிக் குடுக்க முடியாதுல்லக்கா?"

முடியாது என்றேன்.

"நான் கேட்டேனா உன்கிட்ட? எப்பவாவது கேட்டேனா?"

கேட்கவில்லை என்றேன். அது உண்மைதான். ஒரு நாளும் அவன் கேட்டதில்லை. அவன் எழுந்து, பட்டன் அக்கா தைத்த சட்டையை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனான். செருப்பை வாசலில் நின்று பொறுமையாக மாட்டினான். ஐந்து வாரம் ஆகிறது. மருந்து மட்டும் ஒழுங்காகப் போடுகிறான் என்று செவிலி சொன்னார். அது போதும் எனக்கு என்று சொல்லிக்கொள்கிறேன். போதவில்லை. சாப்பாட்டு மேசையில் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன்.

புகார் கொடுத்தது யார் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி, எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கோப்பில் மேலே இருக்கிற காகிதம் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. அந்தக் கையெழுத்தைக் கை பிடித்து எழுதப் பழக்கியவள் நான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நேர்மையாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தே செய்தேன். பிழை இது என்று தெரியும், திருத்தம் கையில் இருந்தது, பட்டன் அக்காவின் உடல்நிலைக்கு எதிரே என்ன எண் இருந்தது என்பதும் தெரியும். அவரைக் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

அதற்குக் கீழே இன்னொரு தாள் வைத்திருக்கிறீர்கள். மருத்துவமனையின் முத்திரை தெரிகிறது. அதுவும் இந்த விசாரணையில் சேருமா? சேரும் என்றால் சரி.

ஆமாம், அது என்னுடைய பரிசோதனைதான். தம்பி படுத்த முதல் வாரத்தில் எடுத்தது. பொருந்தியது. ரத்தம், திசு, எல்லாமே. கூடப்பிறந்தவர்களிலேயே இவ்வளவு நன்றாகப் பொருந்துவது அபூர்வம் என்று மருத்துவர் சந்தோஷமாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இதில் கட்டாயம் எதுவும் இல்லை, உங்களுக்கு மனமில்லையென்றால் ஒத்துவரவில்லை என்று மட்டும் வீட்டில் சொல்கிறோம், குடும்பத்துக்குள் மனக்கசப்பு வராமல் இருக்க எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்வார்கள் என்றார். யோசிக்க இரண்டு நாள் கேட்டேன். அடுத்த நாளே போய், சொல்லிவிடுங்கள் என்றேன். எனக்குக் கத்தி என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே. இரண்டு ஆண்டும் அவனை இயந்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான், கூட்டிக்கொண்டு வந்தது நான். ஒரு நாள் தவறியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அந்தத் தாளைத் தம்பியிடம் காட்டாதீர்கள். அக்கா செய்தது பாவம், ஆனால் என் மேல் உள்ள பாசத்தில் செய்தாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். பாவம், அவனுக்கு அந்த ஆறுதலாவது மிஞ்சட்டும்.